நட்சத்திரம் போட்ட மதகு

பூதலூர்,
ஆடி மாதக் கடைசி.

சிங்கப்பூரில் வசிக்கும் எங்கள் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை பரணிதரன் அவர்களுக்கு, மாமனார் பஞ்சநதம் எழுதிக்கொண்டது. நீங்களும் குந்தவையும் எல்லா நலனும் பெற்று இருக்க ஆற்றங்கரைப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் நானும் உங்கள் அத்தை ஆனந்தவல்லியும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். அது முறைக்காக எழுதியது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும். உங்கள் தகப்பனார் சிங்காரவேலு அவர்கள் என்னோடு பேசுவதில்லை. அவருடைய விதைநெல் என் கையில் உயிருக்குப் போராடுகிறது. இரண்டுக்கும் காரணம் நீங்கள் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீங்களே படித்துப் பாருங்கள்.

இன்டர்நெட் கடை வைத்திருக்கிற மனுஷன் ஏன் உறை வாங்கி, பேனாவுக்கு மை போட்டு எழுதுகிறான் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. தபால் தலை ஒட்டிப் பெட்டியில் போட்டால், உறைமேல் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் போகும். கம்ப்யூட்டரில் அடித்தால் யார் யாருக்குப் போகிறது என்பது உங்களுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். உங்களுக்கே முழுசாகத் தெரியுமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது.

போன லீவில் வந்தபோது, ஓய்வு பெற்று வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த என்மேல் பரிதாபப்பட்டு, ரயிலடிக்கு எதிரே எங்கள் வீட்டு முன்னறையிலேயே 'குந்தவை பிரவுசிங் சென்டர்' வைத்துக் கொடுத்தீர்கள். அதற்கு நானும் அத்தையும் உங்களை வாழ்த்தாத நாள் இல்லை. சமீபத்திய சில நாட்களை இதில் சேர்க்கக் கூடாது. கம்ப்யூட்டர்களை எல்லாம் வயரில் கோத்து முடித்து, கடைசியில் முதல் கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து வெள்ளை எழுத்தில் ஏதேதோ அடித்தீர்கள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையை எழுத்தால் அடித்தால் அது வேலை செய்யும். நீங்களே எழுதிய ஆட்-ஆன் என்று சொன்னீர்கள். லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று அதுவே அடிக்கடி எட்டிப் பார்க்குமாம். ஏதாவது கோளாறு என்றால் எல்லாத் திரையிலும் ஒரு சின்னப் பெட்டி எழும்பி அறிவிக்குமாம். உங்கள் பழைய செல்போனை வேறு வயரால் மேஜைக் காலில் கட்டி வைத்தீர்கள். லைன் போனாலும் வந்தாலும் அதன் வழியாக உங்களுக்கும் செய்தி வந்துவிடும், சிங்கப்பூரிலிருந்தே கடையைப் பார்த்துக்கொள்வேன் என்றீர்கள். இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

பெட்டியில் வரும் இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். என் தப்பு. புரியாமலே இருந்திருக்கலாம். சர்வீஸ் முழுக்க வாய்க்கால் மதகை ஏற்றி இறக்கிய லஸ்கர் அல்லவா மாமா என்று, நீங்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் என் பாஷைக்கு மாற்றினீர்கள். கேட்வே என்பதை 'மதகு' ஆக்கினீர்கள். லைன் போனால் 'மதகு மூடியிருக்கு'. வந்தால் 'மதகு திறந்தாச்சு'. அனுப்பியது பாதி வழியில் தொலைந்தால் 'கசிவு'. கடைசிக் கம்ப்யூட்டர் வரை எட்டிவிட்டால் 'கடைமடை வரைக்கும் போயிடுச்சு'. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த மாப்பிள்ளை எந்த மாமனாருக்கு இப்படிச் செய்வான் என்று அத்தையிடம் சொன்னேன். அதே வாக்கியத்தை இப்போதும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குரல்தான் வேறு.

முதலில் மாட்டியது ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ரெங்கசாமி சார். அமெரிக்காவில் இருக்கும் பேத்திக்கு ஈமெயில் அடிக்க வருவார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் பெட்டி எழும்பியது: 'கசிவு அதிகமா இருக்கு. உடனே கவனிக்கவும்.' சார் மெதுவாக எழுந்தார். வேட்டியை முன்னும் பின்னும் பார்த்தார். கடையில் கிடந்த பேப்பரை எடுத்து இடுப்புக்குக் கீழே மறைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அப்புறம் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கம்ப்யூட்டரே கண்டுபிடித்ததை இவர் கண்டுபிடிக்கவில்லையே என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்து ராஜாத்தி வீட்டுக் கதை. அத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை, உங்கள் கல்யாணத்தில் பன்னீர் செம்பைப் போட்டு உடைத்தாளே, அவள். மகளுக்கு வரன் பார்க்கக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தாள். பையன் போட்டோ மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கியது. தலைமுடி வந்தது. நெற்றி வந்தது, விபூதியோடு. எல்லோருக்கும் திருப்தி. மூக்கு வரவேண்டிய நேரத்தில் பெட்டி வந்தது: 'இந்த வழி சரியில்லை. வேற வழி பாருங்க.' ராஜாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். அது லைனைப் பற்றியது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பையன் யார் பெற்ற பிள்ளையோ, அவன் மூக்கைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் நடத்திய பாடத்தில் இந்த வீட்டில் எல்லோருக்கும் பதிந்தது ஒன்றுதான். செய்தி அனுப்பும்போது பெயரை அடித்தால் அந்தப் பெயருக்கு மட்டும் போகும். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லாருக்கும் போகும். அத்தைக்கு நட்சத்திரம் சுலபமாக இருக்கிறது. அடுக்களைப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'வத்தக்குழம்பு ஆறுது, வர்றீங்களா இல்லையா' என்று எனக்கு அனுப்புவதாக நினைத்து நட்சத்திரம் போட்டுவிட்டாள். எல்லாத் திரையிலும் எழும்பியது. இரண்டு பேர் எழுந்து கை கழுவப் போனார்கள். அவர்களுக்கும் சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. இதெல்லாம் சின்ன விஷயம். குழம்போடு போயிற்று.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காற்றில் தென்னை மட்டை விழுந்து வயர் அறுந்து, கடைக்குப் பல நாள் லைன் இல்லை. வயரைச் சரி செய்ததும் உங்கள் ஆட்-ஆன் தன் கடமையைச் செய்தது. மேஜைக் காலில் கட்டிக் கிடந்த செல்போன் வழியாக, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகச் செய்தி போயிற்று: 'மதகு திறந்தாச்சு. கடைமடை வரைக்கும் போயிடுச்சு.' உங்களுக்கு வந்திருக்கும். உங்கள் தகப்பனாருக்கும் போயிருக்கிறது. அவருக்கு நீங்கள் செல்போன் வாங்கிக் கொடுத்த அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் நம்பரையும் அந்தப் பட்டியலில் போட்டு, நட்சத்திரமும் போட்டீர்கள். பிறகு எடுக்கவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று எழுத எனக்குக் கை வராது. மாப்பிள்ளைக்கு மறதி என்று எந்த மாமனாரும் எழுத மாட்டான். எடுக்கப்படவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அதற்கு முன்னால் வயர் அறுந்து கிடந்த நாளெல்லாம், தினமும் 'மதகு மூடியிருக்கு' என்று அவருக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே ஆறும் காய்ந்து கிடந்ததால் அது ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் சம்பந்தி கடமை தவறாமல் மதகு நிலவரம் அனுப்புகிறார் என்று பெருமையாக ஊரில் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடம். புது ஆற்றில் தண்ணீர் விட்டால் எங்கள் பக்கம் கடந்துதான் உங்கள் பக்கம் வரவேண்டும். மதகில் வேலை பார்த்தவன், பூதலூர்க்காரன், சம்பந்தி, மூன்றும் சேர்ந்த ஒருவன் திறந்தாச்சு என்று சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள். செய்தியை டீக்கடை இராஜாங்கத்திடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இராஜாங்கத்தின் குரல் உங்களுக்குத் தெரியும். மைக் தேவையில்லை.

அப்போதும் உங்கள் தகப்பனார் அவசரப்படவில்லை. நிதானமானவர். விசாரிக்கலாம் என்று அதே நம்பருக்குப் போன் போட்டார். வயர் எட்டாததால் நான் மேஜைக்கடியில் உட்கார்ந்துகொண்டு பேசினேன். கடையில் அன்று ரிசல்ட் பார்க்கக் கூட்டம். என் நினைப்பெல்லாம் அதில்தான். நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மதகு திறந்தாச்சுன்னு சேதி வந்துச்சே, நெசமா சம்பந்தி?"

"நெசந்தான். காலையிலேர்ந்து நல்லா ஓடுது."

"எவ்வளவு வருது?"

"ஐம்பத்தாறு கே."

"கேன்னா?"

"ஆயிரம்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரு."

அவர் குரல் இறங்கி வந்தது. "ஐம்பத்தாறாயிரமா? தாங்குமா சம்பந்தி?"

"தாங்கும். அதுக்கு மேல விட மாட்டாங்க."

இவ்வளவுதான் நான் பேசியது. ஒரு வார்த்தை பொய் இல்லை, நான் சொன்னது லைனின் வேகம். ஐம்பத்தாறாயிரம் கன அடியைப் புது ஆறு வெட்டிய நாளிலிருந்து பார்த்தது கிடையாது. அவ்வளவு வந்தால் உங்கள் ஊர் படத்தில்தான் இருக்கும். உங்கள் தகப்பனார் பதறிப்போய் மாடுகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோய்க் கட்டினார். வைக்கோல் போரைப் பிரித்து மேட்டுக்கு மாற்றினார். வெள்ளம் வடிந்ததும் முதல் ஆளாக நாற்று விட வேண்டும் என்று, வீட்டிலிருந்த விதைநெல் மொத்தத்தையும் ஊறப்போட்டார். பிறகு ஊரே தட்டில் பூவும் தேங்காயும் எடுத்துக்கொண்டு, தப்பு அடித்துக்கொண்டு, வரப்போகிற தண்ணீரை வரவேற்க வாய்க்கால் கரைக்குப் போயிற்று. பொழுது சாயும்வரை நின்றார்கள். வறண்ட வாய்க்காலில் மேற்கேயிருந்து ஒரு ஆடு நடந்து வந்தது. பூவைத் தின்றுவிட்டுப் போயிற்று.

ஊறின நெல் யாருக்காகவும் காத்திருக்காது, உங்களுக்குத் தெரியாததா. முளை வந்துவிட்டது. பம்புசெட் இல்லாத ஊர். சேற்றில் விடாவிட்டால் வேர் பின்னிக்கொண்டு மொத்தமும் அழுகிப்போகும். உங்கள் தகப்பனார் அதைச் சாக்கில் கட்டி, பஸ் ஏறி, தஞ்சாவூரில் பஸ் மாறி, நேரே கடைக்கு வந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் சாக்கை அவிழ்த்து வைத்தார். கடை முழுக்க முளைநெல் வாசனை. இதற்கு உங்கள் கம்ப்யூட்டர் என்ன பதில் சொல்கிறது என்று கேட்டார். இது தண்ணீர் மதகு இல்லை, லைன் மதகு, எல்லாம் மாப்பிள்ளையோட ஆட்-ஆன் என்றேன்.

"ஆடுதான்," என்றார். "நானும் பாத்தேன். ஆடுதான் வந்துச்சு."

அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். உங்கள் மதகுத் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வெயிலில் வந்த மனுஷன் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை மாப்பிள்ளை. அதைவிட அந்தச் சாக்கைப் பார்க்க முடியவில்லை. வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக முளை. என்னுடைய ஒரு போன் பேச்சை நம்பி முளைத்தது. சர்வீஸ் முழுக்க நான் திறக்கிற மதகை நம்பித்தான் கடைமடைக்காரர்கள் விதை விட்டார்கள். அப்போதெல்லாம் நான் ஒரு தரம்கூடப் பொய் சொன்னதில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்மனைக்கு ஓடினேன்.

அத்தையின் கத்திரிப் பாத்தி, கனகாம்பரம், கறிவேப்பிலைக் கன்று எல்லாவற்றையும் கொத்திப் போட்டேன். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது. வீட்டு மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கட்டினோம். சேறு மிதிக்க ஆள் இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்துக்கு வாடிக்கையாளர்கள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து மிதித்துக் கொடுத்தார்கள். ரெங்கசாமி சார் வரப்பில் நின்றபடி, கசிவு இருக்கிறவர் குளிர்ச்சியில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். உங்கள் தகப்பனார் தாமே விதையை வீசி விதைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது, நான் பக்கத்திலேயே நிற்க, அத்தையிடம் சொன்னார்: "இந்த நாத்து கருகுச்சுன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்கம்மா." அத்தையும் என் பக்கம் திரும்பி, சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து நான் கடைக்காரன் இல்லை, நாற்றங்காலுக்குக் காவல். குருவி விரட்டுகிறேன், மோட்டார் போடுகிறேன், கரண்ட் போனால் குடத்தில் மொண்டு ஊற்றுகிறேன். வீட்டுக் கிணறும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் இது தாங்காது. நாற்று போனால் சம்பந்தி போனார். சம்பந்தி போனால் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு எந்த முகத்தோடு போவேன்.

ஆகையால் தாழ்மையோடு கேட்டுக்கொள்வது. தயவுசெய்து அந்த ஆட்-ஆனிலிருந்து மதகு, வாய்க்கால், கசிவு, கடைமடை ஆகிய எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பழையபடி ஒருவருக்கும் புரியாத இங்கிலீஷைப் போட்டுவிடவும். பட்டியலிலிருந்து உங்கள் தகப்பனார் நம்பரை எடுத்துவிடவும். நட்சத்திரம் என்கிற வசதியே இந்தக் கடைக்கு வேண்டாம். அப்பாவுக்கு நீங்கள் தனியாக ஒரு கடிதம் எழுதி, அதில் என் பெயரை மரியாதையாக இரண்டு இடத்திலாவது சேர்க்கவும்.

குந்தவைக்கு எங்கள் ஆசிகள். ஏ.சி. காற்று நேராக மண்டையில் படாமல் படுக்கச் சொல்லவும். கனகாம்பரம் போன சமாச்சாரத்தை அவளிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் இருவரும் தொட்டது துலங்கி, விட்டது விளைந்து, நோய் நொடியில்லாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்,
பஞ்சநதம்,
லஸ்கர் (ஓய்வு), நாற்றங்கால் (பணியில்).

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. ஆவணி பிறந்துவிட்டது. தண்ணீர் விட்டாயிற்று என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் போன் செய்தார். நம்பாமல் கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. செருப்போடு இறங்கிவிட்டேன். திரும்பி ஓடிவந்து, கறுப்பு ஜன்னலைத் திறந்து, நானே என் விரலால் நட்சத்திரம் போட்டு அடித்தேன்: 'மதகு திறந்தாச்சு. கடைமடை வரைக்கும் வரும்.' உங்கள் ஊரிலிருந்து, உங்கள் தகப்பனார் செல்போனில் இராஜாங்கம் பதில் அனுப்பினான்: 'நெட்டு நல்லா ஓடுதா? சந்தோஷம். யாவாரம் பெருகட்டும்.' திரும்ப அனுப்பினேன். 'எத்தனை கே?' என்று கேட்டான்.

ஒருத்தரும் நம்பவில்லை மாப்பிள்ளை. உங்கள் தகப்பனார் மாடுகளை வாய்க்காலுக்குள்ளேயே மேயக் கட்டிவிட்டு, வைக்கோலையும் கரைச் சரிவில் போட்டிருந்திருக்கிறார். தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது மாடுகள் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டன. வைக்கோல் வரவில்லை. சாக்கைக் கொண்டுவந்து வைத்த நாளுக்குப் பிறகு அப்போதுதான் போன் போட்டு என்னோடு பேசினார்.

"சம்பந்தி, தண்ணி வந்துடுச்சு. நெட்டு இல்ல, நெசத் தண்ணி. முழங்கால் நனையுது." அடுத்து, "என் நாத்து எப்படி இருக்கு?"

விரல் உயரம் என்றேன். அவர் அழுதாரா, தண்ணீரில் நின்றுகொண்டு பேசியதால் அந்தச் சத்தமா, தெரியவில்லை. நான் அழுதேன். ஊரில் மற்றவர்களெல்லாம் இப்போதுதான் விதை ஊறப்போடுகிறார்களாம். சம்பந்தி என்றால் இப்படியல்லவா முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று உங்கள் தகப்பனார் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறாராம்.

ஆகையால் மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். மதகு, கசிவு எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். உங்கள் ஊரில் இப்போது மதகு திறந்தாச்சு என்றால் பிரவுசிங் சென்டரில் லைன் வந்துவிட்டது என்று சின்னக் குழந்தைக்கும் தெரிகிறது, ஒருத்தரும் ஏமாற மாட்டார்கள். இன்னும் பல பேர் நம்பர் கொடுத்திருக்கிறார்கள், நட்சத்திரத்தில் சேர்த்துவிடவும். நிஜமான தண்ணீர் வந்தால் சொல்வதற்குத்தான் வார்த்தை இல்லாமல் போயிற்று. அதற்குத் தனியாக ஒரு கட்டளை எழுதி அனுப்பவும். 'கேட்வே ஓபன்' என்று இங்கிலீஷில் இருந்தால் போதும். இராஜாங்கத்திடம் கேட்டுவிட்டேன், அப்படிப் போட்டால் எல்லோரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம்.